விளையாட்டுக்குத்தானே சொன்னேன்

கேள்வி இதுதான். கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்காக ஒரு சபையின் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் நகைச்சுவை நாடகம் ஒன்றைத் தயார் செய்திருக்கிறார்கள். முடிவே இல்லாமல் பிரசங்கம் பண்ணுகிற ஐயர், அதாவது சபைப் போதகர், வருகிறார். கேரல் ரவுண்ட்ஸில் வீட்டுக்கு வீடு காப்பியும் கேக்கும் வாயில் திணிக்கப்பட்டு, பாட முடியாமல் தவிக்கிற பாடகர் குழு வருகிறது. திக்கித் திக்கி ஜெபம் பண்ணுகிற ஒரு தாத்தா வருகிறார், அன்னிய பாஷையில் சத்தம் போடுகிற ஓர் அக்காவும் வருகிறார். ஒத்திகையைப் பார்த்த மூப்பர் ஒருவர் எபேசியர் 5:4-ஐ வாசித்துக் காட்டி, பரியாசம் தகாது என்று வேதமே சொல்லும்போது இதெல்லாம் ஆலயத்தில் எதற்கு என்று கேட்டுவிட்டாராம். பிள்ளைகளுக்கு முகம் விழுந்துவிட்டது. கிறிஸ்தவன் சிரிக்க வைக்கலாமா, கூடாதா, வைக்கலாம் என்றால் எதுவரை?

மூப்பரை எடுத்த எடுப்பில் முசுடு என்று தள்ளிவிட வேண்டாம். அவர் காட்டிய வசனம் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது: "அப்படியே வம்பும், புத்தியீனமான பேச்சும், பரியாசமும் தகாதவைகள், ஸ்தோத்திரஞ்செய்தலே தகும்." இங்கே பரியாசம் என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்லும் இடத்தில் கிரேக்கத்தில் இருப்பது யூட்ரபேலியா என்ற சொல். நன்றாகத் திரும்புவது என்பது அதன் வேர்ப்பொருள். பேச்சைச் சட்டென்று வளைத்துத் திருப்பத் தெரிந்த வாய்க்காரனின் திறமை. வேடிக்கை என்னவென்றால், இந்த நிருபத்தை எழுதிய பவுலுக்கு ஏறக்குறைய நானூறு வருஷம் முன்னால் அரிஸ்டாட்டில் இதே சொல்லை ஒரு நற்குணத்தின் பெயராக வைத்திருந்தார். ஒரு பக்கம் யாரையும் விடாமல் கிண்டலடித்தே தீரவேண்டிய கோமாளி, இன்னொரு பக்கம் தானும் சிரிக்காமல் அடுத்தவர் சிரிப்பதையும் பொறுக்காத காட்டான், நடுவில் அளவறிந்து பேசுகிற இந்த யூட்ரபேலியாக்காரன். அந்தச் சொல்லைத்தான் பவுல் குற்றப்பட்டியலில் கொண்டுபோய் வைக்கிறார். புதிய ஏற்பாட்டில் அது வருவதும் இந்த ஒரே இடத்தில்தான்.

அப்படியென்றால் பவுல் நகைச்சுவைக்கே எதிரியா? முன்னும் பின்னும் வாசித்தால் விஷயம் தெளிவாகிவிடும். முந்தின வசனத்தில் வேசித்தனம், அசுத்தம், பொருளாசை என்று வருகிறது. கொஞ்சம் தள்ளி 12-ஆம் வசனத்தில், அந்தரங்கத்தில் அவர்கள் செய்கிற காரியங்களைச் சொல்வதுகூட அவலட்சணம் என்கிறார். ஆக, அவர் மனதில் இருந்த வளைத்துத் திருப்பும் பேச்சு எது என்று நமக்கு விளக்க வேண்டியதே இல்லை, தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்கள் நாம்: இரட்டை அர்த்த வசனம். மேலுக்கு ஒன்றும் இல்லாத வாக்கியம், கீழே சாக்கடை. பந்தியில் நாலு ஆம்பிளைகள் சேர்ந்து சிரிக்க, பரிமாற வந்த பெண்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு போகிற பேச்சு. அதற்குத்தான் அவர் கதவைச் சாத்துகிறார். அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, நான் உங்களிடம் காசு வாங்காமல் போனேனே, "இந்த அநியாயத்தை எனக்கு மன்னியுங்கள்" என்று குத்துகிறார். இது நக்கல் இல்லாமல் வேறென்ன.

ஆனால் சபை வரலாற்றில் மூப்பர் பக்கம் பெரிய ஆட்கள் நின்றிருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான்காம் நூற்றாண்டின் கடைசியில் அந்தியோகியாவில் பிரசங்கித்த யோவான் கிறிசோஸ்தம், இயேசு அழுததைப் பார்க்கிறோம், சிரித்ததாக எங்கேயும் எழுதியிருக்கவில்லை என்று சொல்லி, நமக்கென்ன சிரிப்பு என்று கேட்டவர். அவருடைய எபேசியர் பிரசங்கத்தில் இந்த யூட்ரபேலியாவை வறுத்தெடுத்திருக்கிறார். ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் தம் மடத்துக்கு எழுதிய விதிகளில், சிரிப்பு மூட்டும் வீண்பேச்சுக்கு எந்த இடத்திலும் அனுமதி இல்லை. சரி, மடத்துக்கு அது பொருந்தலாம்.

இந்தப் பக்கத்துக்குப் பதில் சொன்னவர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ். அவர் ஒரு பழைய கதையை எடுத்து வைக்கிறார். அப்போஸ்தலனாகிய யோவான் சீஷர்களோடு விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்களாம். யோவான் அவர்களில் வில் வைத்திருந்த ஒருவனைக் கூப்பிட்டு ஓர் அம்பு விடச் சொன்னார். இன்னொன்று. இன்னொன்று. இப்படியே விட்டுக்கொண்டே இருப்பாயா என்று கேட்டதற்கு, ஐயோ, வில் முறிந்துவிடுமே என்றானாம். மனசும் அப்படித்தான் என்றார் யோவான். அதோடு அக்குவினாஸ் நிற்கவில்லை. விளையாட்டே இல்லாமல், அடுத்தவருக்குப் பாரமாக, எந்த வேடிக்கையிலும் சேராமல் உர்ரென்று இருப்பதும் ஒரு குற்றம்தான் என்று தனியாக ஒரு பகுதியே எழுதியிருக்கிறார். இதை மூப்பரிடம் நீங்கள் சொல்லவேண்டாம், ஐயரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது வேதத்தில் சிரிப்பு எங்கே என்று பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆதியாகமம் 18. கூடாரத்து வாசலுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கிற கிழவி, தனக்குப் பிள்ளை பிறக்கும் என்று கேட்டதும் உள்ளுக்குள்ளே சிரிக்கிறாள். கர்த்தர் கேட்கிறார், சாராள் ஏன் சிரித்தாள்? பயந்துபோய், நான் சிரிக்கவில்லை என்கிறாள். அதற்கு வருகிற பதில்: "இல்லை, நீ நகைத்தாய்." அவ்வளவுதான். தண்டனை இல்லை, சாபம் இல்லை, பேச்சு அங்கேயே முடிந்துவிடுகிறது. பிள்ளை பிறந்தபோது அதற்குப் பேரே சிரிப்பு. ஈசாக்கு என்றால் நகைப்பான் என்று அர்த்தம். "தேவன் என்னை நகைக்கப்பண்ணினார், இதைக் கேட்கிற யாவரும் என்னோடேகூட நகைப்பார்கள்" என்கிறாள் அவள். நம்பாமல் சிரித்த சிரிப்பைத் தேவன் பிடுங்கிக்கொள்ளவில்லை. அதையே பிள்ளையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆனால் அதே 21-ஆம் அதிகாரத்தில் மூன்றே வசனம் தள்ளிப் பாருங்கள். வீட்டு அடிமைப்பெண் ஆகார் ஆபிரகாமுக்குப் பெற்ற மகன் பரியாசம் பண்ணுவதைச் சாராள் காண்கிறாள். எபிரெயத்தில் அந்தப் பரியாசத்துக்கும் ஈசாக்கின் பேருக்கும் ஒரே வேர். பால் மறக்கப்பண்ணின விருந்தில், ஒரே பந்தலின்கீழ், ஒரே சொல்லில் இரண்டு சிரிப்பு. ஒன்று என்னோடேகூட நகைப்பார்கள் என்பது, மற்றது என்னைப் பார்த்து நகைக்கிறான் என்பது. அப்புறம் நடந்ததையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். தேவனே சிரிக்க வைத்த அதே சாராள், ஒரு பையனின் கேலியைப் பொறுக்க மாட்டாமல் அவனையும் அவன் தாயையும் வனாந்தரத்துக்குத் துரத்தச் சொல்கிறாள். தோல்பையில் தண்ணீர் தீர்ந்து, ஒரு செடியின்கீழே பிள்ளையைக் கிடத்திவிட்டுத் தூரப்போய் உட்கார்ந்து அழுகிற ஆகாரிடத்தில் முடிகிறது அந்தச் சிரிப்பு விவகாரம். கேலி செய்தவன் பக்கம் போய் நின்றதும் தேவதூதன்தான். நம்மைக் கேலி செய்துவிட்டார்கள் என்று கொதிக்கிற சமயங்களில் இதையும் சேர்த்து வாசிப்பது நல்லது.

நம் இலக்கணத்தில் இதற்கு அருமையான ஒரு சூத்திரம் உண்டு. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் சொல்கிறது: "எள்ளல் இளமை பேதைமை மடனென்று உள்ளப்பட்ட நகை நான்கென்ப." சிரிப்பு பிறக்கிற இடம் நான்கு. எள்ளல் ஒன்று, மற்ற மூன்றும் பிள்ளைத்தனம், அறியாமை, ஒன்றும் விளங்காத வெகுளித்தனம் ஆகியவற்றிலிருந்து வருகிறவை. வேதத்தில் நம்மைச் சிரிக்க வைக்கிற இடங்களில் பாதிக்குமேல் இந்த மூன்றிலும் அடங்கிவிடும். சிறையிலிருந்து தப்பி வந்து கதவைத் தட்டுகிற பேதுருவின் குரலைக் கேட்ட ரோதை, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலேயே உள்ளே ஓடுகிறாள். பேதுரு விடுதலையாக வேண்டும் என்று உள்ளே ஊக்கமாக ஜெபம்பண்ணிக் கொண்டிருந்தவர்கள், நீ பிதற்றுகிறாய் என்கிறார்கள். ஜெபத்துக்குப் பதில் வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறது! துரோவாவில் பவுல் நடுராத்திரிவரை பிரசங்கத்தை நீட்ட, ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு தூங்கிவிழுந்து மூன்றாம் மாடியிலிருந்து கீழே போய்விடுகிறான். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொள்கிறார், உயிர் இருக்கிறது என்கிறார், மறுபடி மேலே ஏறிவந்து, அப்பம் பிட்டுச் சாப்பிட்டுவிட்டு, விடியும்வரை பேசுகிறார். லூக்கா இதை எழுதும்போது சிரித்திருக்க மாட்டார் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் கவனியுங்கள், ரோதையோ ஐத்திகுவோ அந்தக் கதையில் சிறுத்துப்போகவில்லை. நாமும் அந்த ஜன்னலில் உட்கார்ந்து கண்ணயர்ந்தவர்கள்தானே.

எள்ளல்தான் சிக்கல். அதில் கிறிஸ்தவனுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாக ஒரு கணக்கு இருக்கிறது. ஏனென்றால் நம் விசுவாசத்தின் நடுமையத்தில் இருப்பது ஒரு எள்ளல் நாடகம். மத்தேயு 27-ஐ அந்தக் கண்ணோடு வாசியுங்கள். போர்ச்சேவகர்கள் முதலில் பார்வையாளர்களைச் சேர்க்கிறார்கள், கூட்டம் முழுவதையும் கூப்பிடுகிறார்கள். அப்புறம் வேஷம், சிவப்பான மேலங்கி. அப்புறம் கிரீடம், முள்ளில் பின்னியது. செங்கோலுக்குப் பதிலாக வலது கையில் ஒரு கோல். வசனமும் உண்டு: "யூதருடைய ராஜாவே, வாழ்க." லூக்காவில் இன்னொரு விளையாட்டு, கண்ணைக் கட்டிவிட்டு அடித்து, உன்னை அடித்தவன் யார் என்று சொல் பார்க்கலாம் என்பது. அந்தச் சேவகர்களைக் கேட்டிருந்தால், சும்மா பொழுதுபோகாமல் செய்தது, விளையாட்டுக்குத்தானே என்று சொல்லியிருப்பார்கள். அந்தச் சால்ஜாப்பை நீதிமொழிகள் 26 முன்னாலேயே பிடித்துவைத்திருக்கிறது. அடுத்தவனை வஞ்சித்துவிட்டு "நான் விளையாட்டுக்கல்லவோ செய்தேன்" என்கிறவன், கொள்ளியையும் அம்பையும் எறிகிற பைத்தியக்காரனைப் போலவாம்.

கிறிஸ்தவப் பார்வையில் எல்லைக்கோடு என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். என்ன வார்த்தை சொன்னாய், எந்தத் தலைப்பைத் தொட்டாய் என்பதெல்லாம் அப்புறம். நீ சிரிக்க வைத்தபோது கூட்டத்தின் நடுவில் யாரை நிறுத்தினாய், அவர் தலையில் என்ன வைத்தாய் என்பதுதான் முதல் கேள்வி. அந்த இடத்தில் ஏற்கனவே ஒருவர் நின்றிருக்கிறார். ஆகையால் அங்கே யாரை நிறுத்தினாலும் அவர் பக்கத்தில் போய் நிற்கிறாய்.

அப்படியென்றால் எலியா? இதை யாராவது கட்டாயம் கேட்பார்கள். கர்மேல் மலையில் பாகால் என்கிற தெய்வத்தின் தீர்க்கதரிசிகளைப் பார்த்து, உரக்கக் கூப்பிடுங்கள், உங்கள் தேவன் தியானத்தில் இருப்பான், அலுவலாயிருப்பான், பிரயாணம் போயிருப்பான், தூங்கினாலும் தூங்குவான் என்று எலியா அடித்த கிண்டல் வேதத்திலேயே காரமானது. வாட்ஸ்அப்பில் மற்ற மதத்தவரின் சாமிகளைக் கிண்டலடித்து ஃபார்வேர்ட் அனுப்புகிற நம் அண்ணன்மார்களுக்கு எலியாதான் லைசென்ஸ். இரண்டு விஷயத்தை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒன்று, அந்த 450 பேர் ராணி யேசபேலின் பந்தியில் சாப்பிடுகிற அரசாங்கத்து ஆட்கள், இவர் தனி ஆள், பிடிபட்டால் தலை போகும். மேலே பார்த்து எறிந்த கல் அது. இரண்டாவது, அது வீட்டுச் சண்டை. சொந்த ஜனம் சொந்தத் தேவனை விட்டுவிட்டது என்று சொந்த ஜனத்தின் நடுவில் பேசினது. அடுத்தவன் ஊருக்குப் போன பவுல் எப்படி நடந்துகொண்டார் தெரியுமா? எபேசுவில், ஆம், மூப்பர் காட்டின நிருபம் போன அதே எபேசுவில், இரண்டு வருஷத்துக்குமேல் ஊழியம் செய்தார். அந்த ஊர்த் தேவி தியானாளின் பேரில் பெரிய கலகம் மூண்டபோது, அந்தப் பட்டணத்து அதிகாரியே, அவர் கிறிஸ்தவரும் இல்லை, எழுந்து நின்று சாட்சி சொல்கிறார், இவர்கள் உங்கள் தேவியைத் தூஷிக்கிறவர்களுமல்ல என்று. அப்போஸ்தலர் 19:37. கைகளினால் செய்யப்பட்டவை தேவர்களல்ல என்று பவுல் சொல்லாமல் இல்லை, அதற்காகத்தான் கலகமே. ஆனால் நக்கல் பண்ணினார் என்று எதிரியும் சொல்ல முடியவில்லை.

தமிழில் இந்தக் கேள்வி இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்து கடிக்கும். நாம் சின்ன வயதில் சிரித்துச் சிரித்துப் படித்த பரமார்த்த குரு கதையை எழுதியவர் ஒரு பாதிரியார்தானே. வீரமாமுனிவர், இத்தாலிக்காரர், இயேசு சபைக் குரு, 1680 முதல் 1747 வரை வாழ்ந்தவர். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்ப்பார்கள், பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று வாங்குவார்கள். ஒரு வெளிநாட்டுக் கிறிஸ்தவக் குரு, இந்த மண்ணின் குரு சீட மரபைக் கேலி பண்ணுவதற்காக எழுதினார் என்று ஒரு குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட நான் தயாரில்லை. ஒரு மடத்துச் சிஷ்யன் இதை வாசித்திருந்தால் ரோதையின் கதையைப் போலச் சிரித்திருப்பானா என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கதையில் ஓர் இடம் இருக்கிறது, ஆற்றைக் கடந்தபின் எல்லாரும் கரை சேர்ந்தோமா என்று எண்ணுகிற இடம். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவான், ஒரு ஆள் குறையும், ஐயோ ஒருவன் ஆற்றோடு போய்விட்டானே என்று எல்லாரும் உட்கார்ந்து அழுவார்கள். எனக்குத் தெரிந்து கேலி பண்ணுகிறவனைப் பற்றி இதைவிடக் கச்சிதமாக யாரும் சொன்னதில்லை. முட்டாள்களை எண்ணுகிறான், தன்னை விட்டுவிட்டு எண்ணுகிறான். துரும்பையும் உத்திரத்தையும் பற்றி இயேசு சொன்னதும் இதே வேடிக்கைதான். கண்ணில் ஒரு வீட்டு உத்திரத்தோடு ஒருவன் அடுத்தவன் கண்ணிலிருக்கும் துரும்பை எடுக்கக் குனிகிற காட்சியை மனதில் ஓட்டிப் பாருங்கள், சிரிக்காமல் இருக்க முடியாது.

இயேசுவே ஊர்ப்பேர் கிண்டலுக்கு ஆளானவர். பிலிப்பு வந்து சொன்னபோது நாத்தான்வேல், "நாசரேத்திலிருந்து யாதொரு நன்மை உண்டாகக்கூடுமா" என்றான். நம் ஊரில் ஊர்க்காரர்களையும் பேச்சு வழக்கையும் வைத்து ஓட்டுகிறோமே, அதே ரகம். அவன் கிட்டே வரும்போது இயேசு, "இதோ, கபடற்ற உத்தம இஸ்ரவேலன்" என்றார். அந்தக் கிண்டலில் கபடம் இல்லை என்பதை அவர் பார்த்துவிட்டார் என்று நான் வாசிக்கிறேன். மனதில் பட்டதை அப்படியே போட்டு உடைக்கிற ஆள், அவ்வளவுதான். எல்லாக் கிண்டலையும் காயமாக எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

இது அடுத்த விஷயத்துக்குக் கொண்டுபோகிறது, கடவுளைக் கேலி பண்ணினால்? 2024 ஜூலை 26 அன்று பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒரு காட்சி கடைசி இராப்போஜனத்தைப் போல இருந்ததென்று உலகம் முழுக்கக் கொந்தளிப்பு வந்தது நினைவிருக்கும். பிரான்ஸ் ஆயர்கள் வருத்தம் தெரிவித்தார்கள், அமைப்பாளர்கள் யாராவது புண்பட்டிருந்தால் மன்னியுங்கள் என்றார்கள், இயக்குநரோ ஒலிம்பஸ் தெய்வங்களின் விருந்தைத்தான் காட்டினேன் என்றார். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான், ஜூன் 14 அன்று, போப் பிரான்சிஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வாடிகனுக்கு வரவழைத்து, கடவுளைப் பார்த்துச் சிரிக்கலாமா, கட்டாயம் சிரிக்கலாம், அது தேவதூஷணம் இல்லை, நாம் நேசிக்கிறவர்களோடு விளையாடுவதுபோலத்தான் என்று சொல்லியிருந்தார். அதே பிரான்சிஸ்தான் 2015 ஜனவரியில், பாரிஸில் கேலிச்சித்திரப் பத்திரிகை அலுவலகத்தில் 12 பேரைச் சுட்டுக் கொன்ற அடுத்த வாரம், கொழும்பில் ஜோசப் வாஸ் அடிகளாரைப் புனிதராக அறிவித்துவிட்டு மணிலாவுக்குப் போகிற விமானத்தில், கடவுளின் பேரால் கொல்வது அக்கிரமம் என்று சொன்ன கையோடு, அடுத்தவர் விசுவாசத்தைக் கேலி பண்ணக்கூடாது, என் அம்மாவைத் திட்டினால் என் சிநேகிதனானாலும் ஒரு குத்து விழும் என்றார். குத்து விஷயத்தில் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை, மறுகன்னத்தைக் காட்டச் சொன்னவரின் சீஷன் பேசுகிற பேச்சா அது. ஆனால் இரண்டு பேச்சும் ஒன்றுக்கொன்று முரண் என்று நான் நினைக்கவில்லை. முதலாவது அப்பாவோடு விளையாடுகிற பிள்ளை, இரண்டாவது அடுத்த வீட்டு அம்மாவைத் திட்டுகிற ஆள்.

கிறிஸ்துவைக் கேலி பண்ணுவது புதிதும் இல்லை. ரோமில் பலத்தீன் குன்றில் 1857-இல் ஒரு சுவர்க் கிறுக்கலைக் கண்டெடுத்தார்கள். சிலுவையில் கழுதைத் தலையோடு ஓர் ஆள், கீழே கையை உயர்த்தி நிற்கிற ஒருவன், பக்கத்தில் கிரேக்கத்தில், அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான் என்று எழுத்து. சிலுவையின் மிகப் பழைய படங்களில் ஒன்று என்று நமக்குக் கிடைத்திருப்பதே ஒரு கிண்டல் படம்! ஏறக்குறைய அதே காலத்தில் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், கிறிஸ்தவர்களின் கடவுள் என்று கழுதைக் காதோடு ஒரு படத்தை எவனோ ஊருக்குள் தூக்கிக்கொண்டு திரிந்ததை எழுதிவிட்டு, அந்தப் பேரையும் உருவத்தையும் பார்த்து நாங்கள் சிரித்துவிட்டோம் என்கிறார். அவர் ஒன்றும் சாதுவான ஆள் இல்லை, பேனாவில் அமிலம் வைத்திருந்தவர். ஆனாலும் சிரித்தார். தேவன் தம்மைப் பரியாசம்பண்ணவொட்டார் என்று கலாத்தியர் 6:7 சொல்கிறது, அவருக்கு நாம் காவல் நிற்க வேண்டியதில்லை.

காவல் வேண்டியது வேறு ஆட்களுக்கு. "ஏழையைப் பரியாசம்பண்ணுகிறவன் அவனை உண்டாக்கினவரை நிந்திக்கிறான்" என்கிறது நீதிமொழிகள் 17:5. தேவதூஷணம் எங்கே நடக்கிறது என்று வேதம் காட்டுகிற முகவரி இது. ஒலிம்பிக் மேடைக்காகக் கொதித்த அதே வாரம், எத்தனை கன்வென்ஷன் மேடைகளில் கறுப்பு நிறத்தை வைத்து, மாமியாரை வைத்து, புதிதாக வந்த கிராமத்து விசுவாசியின் பேச்சை வைத்து ஜோக் அடித்து, கூட்டம் சிரித்ததும் ஆமென் சொல்லியிருப்பார்கள்? அதற்கு எந்த ஆயரும் அறிக்கை விடவில்லை. வள்ளுவர் இதை ஏழு சீரில் முடித்துவிட்டார், "நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி" என்று. விளையாட்டிலும்கூட இகழ்ச்சி வலிக்கும்.

நான் இதை யோக்கியன்போலச் சொல்லவில்லை. எனக்குப் பதினேழு வயதில் எங்கள் ஆலயத்துக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் கோயில்பிள்ளையாக, அதாவது ஆலயத்தில் மணியடிக்கிற ஊழியராக, நடித்தேன். எங்கள் கோயில்பிள்ளைக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. மணிக்கயிற்றைப் பிடித்து இழுக்கும்போது அந்தக் காலை ஒரு மாதிரி எட்டி வைப்பார். அதை அச்சு அசலாகச் செய்தேன், வேட்டியை அவரைப்போலவே ஒரு பக்கம் தூக்கிச் செருகிக்கொண்டு. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். மறுநாள் பார்த்தபோது, என்ன தம்பி, நல்லா பண்ணுன, என்றார். எனக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் புது வருஷ ஆராதனையில் காணிக்கைப் பைகளை எடுத்துக்கொண்டு பீடத்துக்குப் போகும்போது அவர் நடுவழியாக வரவில்லை. அதுவரை வருஷக்கணக்காக நடுவழியாகத்தான் வருவார். அன்று சுவரோரமாக, தூண்களுக்குப் பின்னால் நடந்து போனார். அப்புறம் அவர் ஓய்வுபெறும்வரை அப்படியேதான். நான் ஒருநாளும் அவரிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருக்கலாம், நாலைந்து வருஷம் அவகாசம் இருந்தது.

அவரும் சிரித்தாரே என்பது சாட்சி ஆகாது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். ஒரு கூட்டமே சிரிக்கும்போது நடுவில் நிற்பவனுக்கு வேறென்ன செய்ய முடியும்?

ஒருவன் தன்னையே எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு அடிக்கிற ஜோக் எப்படி இருக்கும் என்பதற்கு, இங்கிலாந்து ராஜாவிடம் சான்சலராக இருந்த தாமஸ் மோர் போதும். 1535 ஜூலை 6 அன்று தலை வெட்டுவதற்காக அவரைக் கொண்டுபோகிறார்கள். கொலைமேடைப் படி ஆட்டம் காண்கிறது. பக்கத்தில் நின்ற அதிகாரியிடம், ஐயா, பத்திரமாக மேலே ஏற்றிவிடுங்கள், இறங்குவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவருடைய மருமகன் எழுதிவைத்திருக்கிறார். பயத்தை மறைக்கிற சிரிப்பாகவோ, வெட்ட வருகிறவனைக் குத்துகிற சிரிப்பாகவோ எனக்கு அது தோன்றவில்லை.

சரி, உங்கள் நாடகத்துக்கு வருகிறேன். பாடகர் குழு காட்சி அப்படியே இருக்கட்டும், அதில் நடிப்பவர்களே அந்தக் காப்பியைக் குடித்தவர்கள்தானே. திக்கிப் பேசுகிற தாத்தாவை எடுத்துவிடுங்கள், வசனத்தை மாற்றி வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கவே வேண்டாம். உங்கள் சபையில் அப்படி ஒருவரும் இல்லையென்றாலும், பார்க்க வருகிற பிள்ளைகளில் ஒருவனுக்குத் திக்குவாய் இருக்கலாம். அன்னிய பாஷை அக்காவையும் எடுத்துவிடுங்கள். உங்கள் சபைக்காரர்களுக்கு அது சிரிப்பு, பக்கத்துத் தெருப் பெந்தெகொஸ்தே சபைக்காரருக்கு அது ஜெபம், அவர்கள் இல்லாத இடத்தில் அவர்களை வைத்துச் சிரிப்பதில் வீரமும் இல்லை. ஐயரின் நீண்ட பிரசங்கத்தைக் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். பவுலுக்கே நடந்தது, அவருக்கு நடந்தால் என்ன. ஜன்னலில் ஒரு ஐத்திகுவையும் உட்கார வையுங்கள். ஆனால் அடுத்த ஒத்திகைக்கு ஐயரைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்து ஒரு தடவை நடித்துக் காட்டிவிடுங்கள். மூப்பரையும் கூப்பிடுங்கள். முடிந்தால் அவருக்கும் ஒரு வேஷம் கொடுத்துப் பாருங்கள், பிரசங்கம் எப்போது முடியும் என்று கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மூப்பராக.